வெட்டிப்போட்ட மூச்சு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை, ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. தன் பெயரை அச்சில் பார்த்தால் அப்படி ஒரு பூரிப்பு வரும் அந்த மனிதருக்கு. கோயில் நோட்டீசின் கடைசி வரியில், பந்தல்காரர் பெயருக்கும் கீழே வந்திருந்தால்கூட அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார். அந்தப் பூரிப்பை என் கையால் அவருக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. செத்தவருக்கு என்ன பூரிப்பு என்று கேட்பீர்கள். இருந்தாலும் கொடுக்கமாட்டேன்.

தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஒலிப்பதிவு ஸ்டுடியோ இருந்தது. கண்ணாடித் தடுப்பு, ஏசி, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. அவர் எப்போதும் வெள்ளை ஜிப்பாவில்தான் இருப்பார். நெற்றியில் சந்தனம், பக்கத்தில் வந்தால் ஜவ்வாது வாசனை. அவரும் புல்லாங்குழல்காரர்தான். கல்யாண வரவேற்புகளில் கீபோர்டுக்காரரையும் தபேலாக்காரரையும் வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு வாசிப்பார். மோசம் என்று சொல்லமாட்டேன். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது போதும்.

அவர் வாயில் எந்நேரமும் புழங்கிய சொல் ‘நம்ம’. நம்ம ஊரு, நம்ம பையன், நம்ம வேலை. முதலில் கேட்பவருக்கு மனசு குளிர்ந்துவிடும். பழகியவர்களுக்குத்தான் அது எங்கே போய் முடியும் என்று தெரியும். ஒரு பொருள் முதலில் உங்களுடையதாக இருக்கும். பேச்சுவாக்கில் அது நம்முடையது ஆகும். நீங்கள் அசந்த நேரத்தில் அவருடையது ஆகிவிடும். இடையில் அவர் கையை நீட்டி எதையும் பிடுங்கியதாக உங்களுக்கு நினைவே இருக்காது.

நான் முதல் தடவை அந்த மாடிக்குப் போனபோது நல்ல மழை. என் கையில் புதுக்குடை. “குடை நல்லா இருக்கே தம்பி, எங்க வாங்கினீங்க?” என்றார். கும்பகோணம் என்றேன். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. டீ கொண்டுவந்த ஆளிடம், “நம்ம குடை நனைஞ்சிருக்கு பாரு, விரிச்சு வை” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, இவ்வளவு சீக்கிரம் வீட்டு ஆளாக நினைக்கிறாரே என்று. நான் கிளம்புகிற நேரத்தில் அவருக்கும் வெளியே போக வேண்டியிருந்தது. “என் குடை எங்கப்பா?” என்று கேட்டு வாங்கி, அதைப் பிடித்துக்கொண்டு என் கண்ணெதிரே படியிறங்கினார். பாதிப் படியில் திரும்பி, “மழை விட்டதும் போங்க தம்பி, சளி பிடிச்சுக்கும்” என்று வேறு சொன்னார்.

சாமான் போனால் போகட்டும். பேச்சையும் விடமாட்டார். என் அண்ணன் ஒரு நாள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, “சுருதிங்கறது வரப்பு மாதிரிங்க ஐயா. அதுமேல நடந்தாத்தான் ரெண்டு பக்கத்து வயலையும் பாக்க முடியும்” என்று சொன்னான். பக்கத்தில் நான் இருந்தேன். பிறகு ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவர் சிறப்பு விருந்தினர். மைக்கைப் பிடித்து, “நான் அடிக்கடி சொல்றதுண்டு, சுருதி ஒரு வரப்பு” என்று ஆரம்பித்தார். வரப்பில் கால் வைத்திருப்பாரா அந்த மனிதர்? செருப்பில் சேறு பட்டால் ஆட்டோவில் ஏறமாட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே கைதட்டினான். அவன் சுபாவம் அப்படி.

எங்கள் அப்பா தவறியபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பாடை கட்ட மூங்கில் வந்ததா, வெட்டியானுக்குச் சொல்லியாயிற்றா என்று அவர்தான் ஓடினார். வந்தவர்களிடம் கைகூப்பி, “நம்ம வீட்டுச் சாவுங்க, இருந்து காபி சாப்பிட்டுப் போங்க” என்றார். கருமாதியன்று பார்த்தால், “கடைசி நேரத்துல என் கையைத்தான் கெட்டியாப் பிடிச்சாரு” என்று பந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா பிடித்தது அண்ணன் கையை. இவர் அப்போது தஞ்சாவூரில் இருந்தார். ஆனால் சொல்லும்போது கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது. பொய்யாக அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இனி எங்கள் சங்கதி. திருக்காட்டுப்பள்ளியில் எங்களுக்கு உரக்கடை. நிலம் இருந்த காலம் தாத்தாவோடு போயிற்று. இப்போது நிலம் இருப்பவர்களுக்கு யூரியாவும் பொட்டாஷும் விற்கிறோம். அண்ணன் கல்லாவில் உட்காருவான், நான் சரக்கைப் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அண்ணன் குழல் வாசிக்கிறவன். வியாபாரம் படுத்த மத்தியானங்களில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பான். உரம் வாங்க வந்தவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து போவார்கள்.

அவன் வாசிப்பதைப் பதிவுசெய்து ஆல்பமாகப் போட வேண்டும் என்பது என் வெறி. என்னிடம் இருந்தது பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். படிக்கக் கொடுத்தது, அதை ஸ்டுடியோ ஆக்கப் பார்த்தது என் பேராசை. அதற்குள் அதற்கு வயதும் ஆகிவிட்டது. பேட்டரி உப்பிப்போய்க் கழற்றி எறிந்தாயிற்று, கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். சூடு ஏறினால் உள்ளே இருக்கிற ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரையும், மைக் குழலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கில் இடம் இருக்காது, புதிதாக ஒன்றைப் பதிய பழையது ஒன்றை அழிக்க வேண்டும். குழலுக்கும் சுருதிக்கும்மேல் இன்னொரு டிராக்கைச் சேர்த்தால் திக்கித் திக்கிப் பாடும்.

எங்கள் குடோன்தான் ஸ்டுடியோ. நாலு பக்கமும் உர மூட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி நடுவில் அண்ணனை உட்காரவைத்தால் எதிரொலி செத்துவிடும். லேப்டாப்பை மூட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம், ஈரத்துணி சுற்றிக் கவிழ்த்த தாம்பாளத்தின்மேல் வைப்பேன். அப்போதுதான் அதன் இரைச்சல் மைக்குக்குப் போகாது. மூட்டை இடுக்கு வழியாக அண்ணனும் நானும் பார்த்துக்கொள்வோம். தகரக் கூரை, மத்தியான வெயில், இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றும்.

எவ்வளவு தாலாட்டினாலும் நடுவில் ஒரு தடவையாவது லேப்டாப் ஹேங் ஆகும். திரை உறைந்துபோகும், ஆனால் உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நிறுத்தினால் வாசித்தது அத்தனையும் போச்சு. பொறுத்திருந்தால் தானாகத் தெளியும். ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: இடுக்கில் என் உள்ளங்கை தெரிந்தால், அண்ணன் எந்த ஸ்வரத்தில் இருக்கிறானோ அதிலேயே நிற்க வேண்டும். கையை எடுத்த பிறகுதான் நகர வேண்டும்.

குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று ஊரே மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோடையில் அண்ணன் தானாக ஒரு மெட்டுக் கட்டினான். அதைப் பதிவுசெய்த மத்தியானம், மெட்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் திரை உறைந்தது. கையைக் காட்டினேன். அண்ணன் அந்த மேல் ஸ்வரத்திலேயே நின்றான். லேப்டாப் தெளியவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. கண் பிதுங்க என்னைப் பார்த்தான். பிறகு சட்டென்று ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, அதே ஸ்வரத்தை விட்ட இடத்தில் பிடித்து மறுபடி நின்றான். திரை அசைந்தது, கையை எடுத்தேன், அவன் மெட்டை இறக்கி முடித்தான்.

போட்டுக் கேட்டால் உடம்பு சிலிர்த்தது. எல்லாமே பதிவாகியிருந்தது. அண்ணன் மூச்சு எடுத்த இடத்தில் மட்டும் லேப்டாப் முக்கி முனகிய கடகடச் சத்தம். அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு இரண்டு பக்கத்து ஸ்வரத்தையும் ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. ஒரே ஸ்வரம், ஒரே மூச்சு, முடியவே முடியாது போல நீளமாகப் போயிற்று.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. “ஏன்டா மூச்ச வெட்டினே?” என்றான்.

“கடகடன்னு சத்தம்ணே அங்க.”

“மனுசன் வாசிச்ச மாதிரி இல்லையேடா. இப்படித் தம் கட்டினா செத்துடுவான்.”

“கேக்க நல்லா இருக்கா இல்லையா?”

“கேக்க நல்லாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டான்.

டிஸ்க்கில் இடமில்லாததால் மூச்சோடு இருந்த அசல் பதிவை அழித்தேன். ஒட்டியது மட்டும் இருந்தது. அதற்கு மிருதங்கம், வயலின் எல்லாம் சேர்க்க வேண்டும். என் லேப்டாப் அதைத் தாங்காது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மாடிக்குப் போனேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த நீள ஸ்வரம் வந்தபோது சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும், “உங்க அண்ணனா? உங்க அண்ணன் வாசிச்சதா?” என்று இரண்டு தடவை கேட்டார். நான் படியிறங்கும்போது, “நம்ம பாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி, நான் பாத்துக்கறேன்” என்றார். குடையைப் பறிகொடுத்த எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அண்ணன் பாட்டு பெரிய ஸ்டுடியோவில் ஏறப்போகிறது என்ற குஷியில் பஸ் ஏறிவிட்டேன்.

குறுவை அறுவடைக்கு முன்பு பாட்டு வந்தது. எல்லார் போனிலும் வந்தது. படத்தில் அவர்தான், வெள்ளை ஜிப்பாவில், குழலை உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் காவிரி ஓட. இசையும் குழலும் அவர் என்று போட்டிருந்தது. அண்ணன் பெயர் நன்றி சொல்கிற வரியில்கூட இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், பாவி, வேலையை நன்றாகச் செய்திருந்தார். மிருதங்கம் எங்கே நுழைய வேண்டுமோ அங்கே நுழைந்தது. குடோனில் பிறந்த குழல் பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போல இருந்தது. அந்தக் காது அவருக்கு இருந்தது, அதை மறுக்க முடியாது.

நானும் அண்ணனும் போய்க் கேட்டோம். காபி வரவழைத்தார். “யாரு வாசிச்சா என்னங்க? நம்ம பாட்டு நாலு பேர் காதுக்குப் போவுது, அதானே முக்கியம்?” என்றார்.

“அது எங்க அண்ணன் வாசிச்சது சார். பேரை மாத்துங்க” என்றேன்.

அவர் குரல் உயரவே இல்லை. “உரக்கடைல உக்காந்து, ஒரு லேப்டாப்ல, இப்படி ஒரு சவுண்டு எடுத்தோம்னு வெளில சொல்லிப் பாருங்க தம்பி. யாராவது நம்புறாங்களான்னு பாருங்க. ஆதாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

மூச்சோடு இருந்த அசலை அழித்துவிட்டேனே, ஒட்டியது அவரிடமும்தானே இருக்கிறது, எங்கிருந்து காட்டுவது? நான் எழுந்து அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து, “வாடா, போலாம்” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் நிஜமான அடி விழுந்தது. ஒரு மத்தியானம் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து அந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்தான். பொட்டாஷ் வாங்க வந்த ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார், “அந்தத் தஞ்சாவூர் ஐயா வாசிக்கிற மாதிரியே வாசிக்கிறீங்களே அண்ணே, அப்படியே காப்பி.” அண்ணன் சிரித்தான். பில் போட்டான். அவர் போன பிறகு குழலைத் துணிப்பையில் சுற்றி பீரோமேல் வைத்தான். பிறகு அந்தப் பையை யாரும் இறக்கவில்லை. நான் எடுத்துக் கையில் கொடுத்தாலும், “எதுக்குடா, கேட்டவன் எல்லாம் திருடின மெட்டும்பான்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். சொந்த மெட்டை வாசிக்க முடியாமல் என் அண்ணன் உட்கார்ந்திருக்க, அந்த மனிதர் ஊர் ஊராகப் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைப் புகழ ஆரம்பித்தேன்.

அந்த ஸ்வரத்தில் மூச்சு வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதை வாசித்ததே இல்லை என்பதால் அவருக்கும் தெரியாது. பயிற்சி செய்தால் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கட்டும் என்று விட்டேன். டீக்கடையில், வாட்ஸப் குழுக்களில், பாட்டின் கீழே வேறு வேறு பெயர்களில், போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு. மெட்டைப் பற்றிப் பேசமாட்டேன். அந்த ஒரு ஸ்வரத்தைப் பற்றி மட்டும்தான். “ஒரே மூச்சுங்க. சித்தருக்குத்தான் அப்படி வரும். நேர்ல கேட்டா உயிரே போயிடும்.” ஜனங்களுக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஒரு சபாக்காரர் அவருக்கு ‘மூச்சு வேந்தர்’ என்று பட்டமே கொடுத்துவிட்டார். அந்தப் பட்டம் என் யோசனை.

அவருக்கு என்மேல் பிரியம் வழிந்தது. பகை தீர்ந்துவிட்டது என்று நம்பினார். யாரிடம் அறிமுகம் செய்தாலும், “நம்ம தம்பி” என்பார். மேடைகளில் அந்த மெட்டு வருவதற்குள் கச்சேரியை முடித்துக்கொள்வது, நேரமாகிவிட்டது என்று நழுவுவது என்று சமாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் உள்ளுக்குள் பயம். அவர் வீட்டம்மா ஒரு நாள் போன் செய்தார்.

“விடிஞ்சா மொட்டை மாடில நின்னு தம் கட்டுறாரு தம்பி. தலை சுத்துதுங்கறாரு. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறாரு. நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் சொல்லுங்களேன்.”

சொல்கிறேன் அம்மா என்றேன். உடனே அவருக்குப் போன் போட்டு, “சார், மேடையில பண்றப்ப ரெக்கார்டிங்ல இருக்கறதைவிட ஒரு இழை கூட நீட்டுங்க, ஜனங்க எதிர்பாக்குறாங்க” என்றேன். அந்த அம்மாள் குரல் காதில் இருக்கும்போதே சொன்னேன். கொஞ்சமும் உறுத்தவில்லை.

சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கிய நேரம், எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர் கச்சேரி வைத்தார்கள். மூச்சு வேந்தரின் அந்த ஸ்வரம் கட்டாயம் உண்டு என்று ஆட்டோவில் விளம்பரம் செய்தார்கள். சொல்லி வைத்தவன் நான்தான். மைக்செட்காரன் என் பள்ளித்தோழன், அன்றைக்கு மிக்சரில் நான் உட்காருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் மேடைக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜவ்வாதையும் மீறி வேர்வை வாசனை. ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்தார்.

“நம்ம ரெக்கார்டிங்கோட குழல் டிராக் மட்டும் இதுல இருக்கு தம்பி. அந்த இடம் வர்றப்ப தலையை ஆட்டுவேன். நீங்க மெதுவா இதை ஏத்திவிட்டுடுங்க. நான் குழலை வாயில வச்சுக்கிட்டு நிப்பேன். வயசாச்சு பாருங்க.”

யார் வாசித்ததை யாரிடம் கொடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அது அவருடையதாகி அத்தனை நாளாகிவிட்டது. “கவலையே படாதீங்க சார்” என்று வாங்கிக்கொண்டேன்.

பந்தல் நிறைந்திருந்தது. பாதிப் பேர் எங்கள் கடைக்கு வருகிறவர்கள். அண்ணனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஊர்க்காரர்கள் அழைத்தால் மறுக்கத் தெரியாது அவனுக்கு. என் ஏற்பாடு எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆட்டோவில் சொன்ன மெட்டு என்பதால் இந்தத் தடவை அவரால் நழுவ முடியவில்லை. மெட்டு ஏறியது. உச்ச ஸ்வரத்தைத் தொட்டார், தலையை ஆட்டினார். நான் லேப்டாப்பிலிருந்து டிராக்கை ஏற்றினேன். என் அண்ணனின் ஸ்வரம் பந்தல் முழுக்கப் பரவியது. விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறியை நிறுத்தினார்கள். அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, ஊதுகிற பாவனையில் நின்றார். ஜனங்கள் முன்னால் சாய்ந்து கேட்கிற வரைக்கும் விட்டேன். பிறகு ஒரே இழுப்பில் சத்தத்தை இறக்கினேன்.

உதட்டில் குழல் இருக்கிறது, சத்தம் இல்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். லேப்டாப்பைக் காட்டிக் கையை விரித்தேன், ஹேங் ஆகிவிட்டது என்று. வேறு வழியில்லாமல் ஊதினார். அவருடைய சொந்த ஸ்வரம் வந்தது. மெலிசுதான், ஆனாலும் வந்தது. அதை விடவும் முடியாது, மூச்சு எடுக்கவும் முடியாது, மூச்சு வேந்தர் அல்லவா. முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. குழல் நடுங்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: இனித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எழுந்து ஓடினான். மேடை விளிம்பில் ஏறி அவர் தோளைப் பிடித்தான். பதறிப்போய்ப் பேசினான், மைக் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கவில்லை.

“மூச்ச எடுத்துக்குங்க ஐயா. அங்க நானும் எடுத்தேங்க. தம்பிதான் லேப்டாப்ல அதை வெட்டிப்புட்டான்.”

பந்தல் முழுக்க அது கேட்டது. அவரைக் காப்பாற்றத்தான் அண்ணன் சொன்னான். யார் மேலும் பழி சொல்ல அவனுக்குத் தெரியாது. அவர் குழலை எடுத்துவிட்டு இரைக்க இரைக்க மூச்சு வாங்கினார். கூட்டத்தில் யாரோ, “அப்ப அதை வாசிச்சது உரக்கடைக்காரரா?” என்று நிதானமாகக் கேட்டார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி, தண்ணீர் கேட்டார். தண்ணீரை அண்ணன்தான் கொடுத்தான்.

அன்று வண்டியில் திரும்பும்போது அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தான். “டிராக்கை நீதான் நிறுத்தினியா?” என்றான்.

“ஆமா.”

“அவருக்கு அங்கயே ஏதாவது ஆயிருந்தா?”

“ஆகட்டும்னுதான் நிறுத்தினேன்.”

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வந்தான். நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுவாரம் அந்தப் பாட்டு போனில் தேடினால் கிடைக்கவில்லை, அவரே எடுத்துவிட்டார். பட்டம் போயிற்று, கல்யாணக் கச்சேரிகள் போயின, ஸ்டுடியோவும் கைமாறியது. அண்ணன் பல நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை. “அந்த மெட்டை நீங்க வாசிச்சுக் கேக்கணும்” என்று மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மத்தியானம் அவனே பீரோமேலிருந்து பையை இறக்கினான்.

போன தை மாதம் அவர் போய்விட்டார் என்று சேதி வந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறார். கடையில் நல்ல கூட்டம். அண்ணன் கல்லாவைப் பூட்டிவிட்டு, “கெளம்புடா, ஒரு மாலை போட்டுட்டு வந்துடுவோம்” என்றான்.

“நீ போய்ட்டு வா.”

“செத்தவங்ககிட்ட என்னடா கோவம்?”

“கோவமெல்லாம் இல்லண்ணே. இனிமேதான் அவரு மூச்சு எடுக்காம எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிப்பாரு” என்றேன்.

அத்தனை பேர் நடுவில் அண்ணன் என் கன்னத்தில் அறைந்தான். வாழ்நாளில் அவன் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். காது ரொம்ப நேரம் ரீங்காரமிட்டது. சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவன் மாலை வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினான். நான் கல்லாவில் உட்கார்ந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.